10,000 லக்ஸ் விளக்கு வாங்கியும் பலனில்லை: எங்கே தவறு?

#1 தூங்குமூஞ்சி (நவம்பர் 16)

வணக்கம். மூன்றாவது ஆண்டாக இதே கதை. அக்டோபர் பாதியைத் தாண்டினால் உடம்பு ஈரச் சாக்கு போல ஆகிவிடுகிறது. பத்து மணி நேரம் தூங்கியும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. இனிப்பும் மாவுப் பண்டமும் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. மார்ச் கடைசியில் தானாகவே தெளிந்துவிடுகிறது. இந்த ஆண்டுதான் துணிந்து மருத்துவரிடம் போனேன். பருவகால மனச்சோர்வு என்றார். காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். எந்த விளக்கு, எப்படி உட்காருவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேடிப் பிடித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை விடச் சிறியதாக, மெல்லிய எல்இடி பலகை ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 10,000 லக்ஸ் என்று போட்டிருக்கிறது. மேசையின் அந்தக் கோடியில் அதை நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் உட்கார்ந்து தினமும் அரை மணி நேரம் கணினியில் வேலை பார்க்கிறேன். இன்றோடு 16 நாள். ஒரு மாற்றமும் இல்லை. விளக்கு மோசமா, நான் மோசமா, வைத்தியமே மோசமா?

#2 அடிக்கோல்

மூன்றும் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் கண்ணுக்கும் விளக்குக்கும் இடையே எவ்வளவு தூரம்? குத்துமதிப்பாக வேண்டாம், அளந்து சொல்லுங்கள்.

#3 தூங்குமூஞ்சி

நாடாவை வைத்து அளந்தேன். 95 செ.மீ.

#4 அடிக்கோல்

சங்கதி அங்கேதான் இருக்கிறது. லக்ஸ் என்பது விளக்குக்குச் சொந்தமான எண் அல்ல. ஓர் இடத்தில் வந்து விழுகிற ஒளியின் அளவு அது. விளக்கு மொத்தமாக எவ்வளவு ஒளியை வெளியே தள்ளுகிறது என்பதற்கு லூமென் என்று வேறு கணக்கு இருக்கிறது. ஆகவே '10,000 லக்ஸ் விளக்கு' என்பது பாதி வாக்கியம்தான். 'இத்தனை செ.மீ. தூரத்தில்' என்கிற மீதிப் பாதி கையேட்டில் பொடி எழுத்தில் கிடக்கும். சில பெட்டிகளில் அதுவும் கிடையாது.

முப்பது ஆண்டு மின்விளக்கு வேலை பார்த்தவன் நான், லக்ஸ்மீட்டர் இன்னும் கையில் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற சிறு பலகை ஒன்று வீட்டில் இருந்தது. நேற்றிரவு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தேன். 15 செ.மீ. தூரத்தில் 9,400. 30 செ.மீ.யில் 2,900. 60 செ.மீ.யில் 760. நீங்கள் உட்காருகிற 95 செ.மீ.யில் வெறும் 300.

சாதாரண அலுவலக அறையில் மேசை மேல் விழுவது 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். அதாவது 16 நாளாக நீங்கள் இன்னொரு டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருக்கிறீர்கள். வைத்தியம் இன்னும் தொடங்கவே இல்லை.

கண்ணை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. 300 லக்ஸும் பளிச்சென்றுதான் தெரியும், 3,000மும் பளிச்சென்றுதான் தெரியும். பாவை சுருங்கி, விழித்திரையும் பழகி, வித்தியாசத்தை மழுங்கடித்துவிடும். மேகம் மூடிய பகலில் வெளியே போனால்கூடச் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும், நேர் வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். வீட்டுக்குள் இரவில் 100, 200 இருந்தால் அதிகம். நமக்கோ இரண்டும் 'வெளிச்சம்'தான்.

#5 தூங்குமூஞ்சி

300! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்படியானால் 15 செ.மீ.யில் உட்கார வேண்டுமா ஐயா? மூக்கு இடிக்குமே.

#6 சாளரம்

மூக்கு இடிக்காது, கழுத்துதான் வலிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு இது ஆறாவது குளிர்காலம். முதல் ஆண்டு நானும் சின்னப் பலகையோடுதான் மல்லுக்கட்டினேன். முகத்தை அதன் அருகிலேயே நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருப்பது தவம். கோப்பையை எடுக்கத் தலையை ஒரு சாண் பின்னால் இழுத்தால் போதும், அளவு மூன்றில் ஒன்றாகிவிடும். மூன்றாவது வாரம் விளக்கு அலமாரிக்குள் போய்விட்டது.

அடுத்த ஆண்டு பெரிய பலகை வாங்கினேன், ஏறக்குறைய 30க்கு 50 செ.மீ. அகலம் கூடினால் இரண்டு லாபம். தள்ளி உட்காரலாம்; தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் அளவு சட்டென்று விழாது. என்னுடையது 30 செ.மீ.யில் 10,000 தருகிறது, 60க்குப் போனாலும் 3,500 கிடைக்கிறது.

தாங்கியின் காலில் ஒரு நூலைக் கட்டி, பலகையிலிருந்து சரியாக 30 செ.மீ. வருகிற இடத்தில் ஒரு மணியைக் கோத்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்ததும் நூலை இழுத்து மணியைக் கன்னத்து எலும்பில் தொடவைப்பேன். தொட்டால் சரி, தொடாவிட்டால் நாற்காலி நகரும். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்.

பலகை கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். விழித்திரையின் கீழ்ப்பாதிதான் இந்த வகை ஒளிக்குக் கூடுதலாக அசைந்து கொடுக்கிறது. மேலிருந்து வரும் ஒளி அங்கேதான் விழும். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. ஆனால் கண் திறந்திருக்க வேண்டும், முகம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். படிக்கலாம், எழுதலாம், காலை உணவை முடிக்கலாம். பவர் கண்ணாடி தடையில்லை, நிறக்கண்ணாடி ஆகாது.

சின்னப் பலகையை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை, தூங்குமூஞ்சி. பழைய ஆய்வுகள் 2,500 லக்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துத்தான் தொடங்கின. 10,000க்கு அரை மணி, 5,000க்கு ஒரு மணி, 2,500க்கு இரண்டு மணி என்பதுதான் பொதுக் கணக்கு. 30 செ.மீ.யில் இரண்டு மணி நேரம் உட்காரப் பொறுமை இருந்தால் இதுவே போதும். யாருக்கு இருக்கிறது?

#7 எதிர்க்கேள்வி

கூட்டத்தில் கல்லெறிகிறேன், மன்னிக்கவும். அளவு, நூல், மணி எல்லாம் சரி. வேலை செய்வது ஒளிதானா? தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, பளபளப்பான ஒரு பொருளின் முன் நம்பிக்கையோடு உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு எதுவானாலும் கொஞ்சம் தேறும். மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலி வெளிச்சம் எப்படிக் கொடுப்பது? முகத்தில் அடிப்பது வெளிச்சமா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாதா?

இன்னொன்று. 2016இல் அமெரிக்காவில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும், வடக்கே இருப்பதற்கும், வெயில் அளவுக்கும் தொடர்பே தென்படவில்லை என்று எழுதினார்கள். நோயே கேள்விக்குறி, இதில் விளக்குக்கு நூல் கட்டுகிறீர்கள்.

#8 மாத்திரைப்பெட்டி

நியாயமான கல்தான். மருந்தாளுநர் என்ற முறையில் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

2016 ஆய்வு ஊர்மக்கள் அனைவரையும் ஒரே குடத்தில் போட்டுக் கலக்கியது. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் விழுந்து மார்ச்சில் எழுகிற சிறு கூட்டம் ஒன்று இருந்தால், அந்தக் குடத்தில் அது கரைந்து காணாமல் போகும். பருவகால மனச்சோர்வு என்று பலர் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்வது மிகை என்பதற்கு அது நல்ல சாட்சி. தூங்குமூஞ்சி போன்றவர்கள் இல்லவே இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

போலி வெளிச்சம் பற்றி. 1984இல் நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவும் இந்த நோய்க்குப் பெயர் சூட்டியபோதே மங்கல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீங்கள் கேட்ட ஓட்டை அதில் இருக்கத்தான் செய்தது. 1998இல் சார்மேன் ஈஸ்ட்மன் குழு சாமர்த்தியமாக வேறொன்று செய்தது. ஒரு பிரிவுக்கு 6,000 லக்ஸ் ஒளி. இன்னொரு பிரிவுக்கு 'எதிர்மின் அயனி உண்டாக்கும் கருவி' என்று சொல்லி, உள்ளே வேலை செய்யாத பெட்டி. இரு தரப்பும் நன்றாக எதிர்பார்த்தே உட்கார்ந்தன. முதல் இரண்டு வாரம் பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாவது வாரம் முதல் காலை ஒளிப் பிரிவு முந்தியது. எனவே உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை: தொடக்கத்தில் கிடைக்கும் தேறுதலில் எதிர்பார்ப்புக்குப் பங்கு உண்டு. அதையும் மீறி ஏதோ இருக்கிறது.

2006இல் கனடாவில் ரேமண்ட் லாம் குழு 96 பேரை எட்டு வாரம் பார்த்தது. ஒரு பாதிக்கு 10,000 லக்ஸும் போலி மாத்திரையும், மறு பாதிக்கு 100 லக்ஸும் மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்ஸெட்டின் 20 மி.கி.யும். இரண்டிலும் 67 விழுக்காட்டினர் தேறினார்கள்.

உங்கள் பக்கம் ஒரு புள்ளி நானே தருகிறேன். கெல்லி ரோஹன் குழு 177 பேரில் ஒளியையும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது ஒளிப் பிரிவில் 45.6 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது, பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் 27.3 மட்டுமே. காரணம் மர்மமானதல்ல. விளக்கைப் போடுகிற வரைதான் அது வேலை செய்யும். பலர் போடுவதில்லை.

#9 எதிர்க்கேள்வி

வேலை செய்யாத அயனிப் பெட்டி! அதை நினைத்தவருக்கு ஒரு சலாம். பாதிக் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி கையிலேயே இருக்கட்டும்.

#10 அலையும்கரையும்

ஆய்வுப் பேச்சுக்கு நடுவே என் கதையையும் கேளுங்கள், குறிப்பாக யாரையும் கேட்காமல் விளக்கு வாங்க நினைப்பவர்கள்.

நான்கு ஆண்டுக்கு முன் நானாகவே வாங்கினேன். 'வெளிச்சம்தானே, என்ன செய்துவிடும்' என்ற எண்ணம். ஐந்தாம் நாள் அற்புதமாக இருந்தது. எட்டாம் நாள் மூன்று மணி நேரத் தூக்கமே போதுமாக இருந்தது. பத்தாம் நாள் நள்ளிரவில் சமையலறை அலமாரி முழுவதையும் காலி செய்து, தரையில் பாத்திரங்களை உயர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். என் தங்கை வந்து விளக்கின் வயரைப் பிடுங்கி எடுத்துச் சென்றாள். எனக்கு இருப்பது சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை சோர்வு மட்டுமே வந்துபோனதால் யாருக்கும் புரியவில்லை.

இப்போதும் ஒளி எடுக்கிறேன். ஆனால் மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு, மருத்துவரின் கண்காணிப்பில், நண்பகலில், 15 நிமிடத்தில் தொடங்கி மெல்ல ஏற்றி. என்னைப் போன்றவர்களுக்குக் காலை ஒளியை விட நடுப்பகல் ஒளி பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் 2018இல் டோரதி சிட் குழு நடத்திய ஆய்வைக் காட்டித்தான் என் மருத்துவர் இப்படி வகுத்தார். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ 'அளவுக்கு மீறிய உற்சாகம்' என்ற சரித்திரம் இருந்தால், முதலில் மருத்துவர், பிறகு விளக்கு.

#11 மாத்திரைப்பெட்டி

இதைச் சொல்ல நானே வந்தேன். இதை விட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இன்னும் சிலர் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். விழித்திரை நோய், சர்க்கரையால் வந்த விழித்திரைச் சிதைவு, மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு உள்ளவர்கள், லூப்பஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள். ஒளியைத் தாங்கும் தன்மையைக் குறைக்கிற மருந்துகளும் உண்டு: டாக்சிசைக்ளின், அமியோடரோன், குளோர்ப்ரோமசின் போன்றவை. 'மூலிகைதானே' என்று பலர் எடுக்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இந்தப் பட்டியலில் வரும். நீங்கள் விழுங்குவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறு தொல்லைகள்: தலைவலி, கண் கூச்சம், குமட்டல், எரிச்சல். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

#12 பொடிநடை

புதியவன். மூன்று சின்னக் கேள்வி. நீல ஒளி மட்டும் தரும் விளக்கு நல்லதா? இதிலேயே வைட்டமின் டி கிடைக்குமா? விடியலைப் போல மெல்ல ஒளிரும் கடிகாரம் போதுமா?

#13 அடிக்கோல்

முதலாவது: வெள்ளையே வாங்குங்கள். டேவிட் பெர்சன் 2002இல் காட்டிய விழித்திரைச் செல்கள், அதாவது பார்ப்பதற்கு அல்லாமல் உடற்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறவை, 480 நானோமீட்டர் அருகே உள்ள நீலத்துக்குத்தான் கூர்மையானவை. அதைப் பிடித்துக்கொண்டு நீல விளக்கு விற்கிறார்கள். ஆனால் வெள்ளையிலும் அந்த நீலம் தாராளமாக இருக்கிறது, ஆய்வுகளின் பெரும்பகுதியும் வெள்ளையில் நடந்தவை. வெறும் நீலம் கண்ணையும் உறுத்தும்.

இரண்டாவது: கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வைட்டமின் டி உண்டாகப் புற ஊதாக் கதிர் தேவை. இந்த விளக்கில் அது வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். தோல் நோய்க்கான புற ஊதா விளக்கும், தோல் பளபளப்புக்கென்று விற்கிற சிவப்பு விளக்கும் 'ஒளிச் சிகிச்சை' என்ற அதே பெயரில்தான் கிடைக்கின்றன. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது சாளரத்துக்கு.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். வாங்கிய விளக்கைக் கைப்பேசிக் கேமராவில் பாருங்கள். திரையில் கரும்பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். தலைவலிக்காரர்களுக்கு அது ஆகாது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. எண்ணை நம்பாதீர்கள், ஒரு கைப்பேசிக்கும் இன்னொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் '30 செ.மீ.யில் இருந்ததில் 60இல் எத்தனை பங்கு' என்று ஒப்பிட அதே கைப்பேசி போதும்.

#14 சாளரம்

விடியல் கடிகாரம் எனக்குத் துணை. எழுப்புவதற்கு அருமை, இருட்டறையில் அலாரம் அலறுவதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆய்வுகளிலும் அதற்குப் பலன் கண்டிருக்கிறார்கள். எனக்கு அது மட்டும் போதவில்லை. நடை போகிறவர் என்று பெயரே சொல்கிறதே, பகல் வெளிச்சத்தில் நடப்பதை விட்டுவிடாதீர்கள்.

#15 கோழிகூவி

எல்லோரும் 'காலையில்' என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எந்தக் காலை? நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு விளக்கின் முன் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எப்போது ஆனாலும் அரை மணி நேரம்தானே என்று. ஒரு வாரத்தில் தூக்கம் இரண்டு மணிக்குப் போய்விட்டது, காலையில் முன்னை விட மோசம்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணில் படுகிற வலுவான ஒளி, இரவில் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனினை அடக்கும் என்று ஆல்ஃபிரெட் லூயி 1980இலேயே காட்டிவிட்டார். மாலையில் அடக்கினால் உடற்கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும். விடிகாலையில் என்றால் முன்னுக்கு வரும். குளிர்காலச் சோர்வுள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடிகாரம் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறது என்பது அவருடைய வாதம். எழுந்த உடனே, எட்டு மணிக்கு முன்னால் என்று மாற்றினேன், சரியானது. சிலருக்கு இது தலைகீழ். மாலை ஏழுக்கே கண் சொக்கி, அதிகாலை மூன்றுக்கு விழித்துவிடுவார்கள். அவர்களுக்குக் காலை ஒளி தொல்லையை இன்னும் முன்னால் இழுத்துவிடும்.

#16 மட்டுறுத்துநர்

ஒரே ஒரு குறிப்பு. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், விளக்கு வேலை செய்ய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவரையோ, அவசர உதவியையோ, அருகில் இருக்கும் ஒருவரையோ அழையுங்கள். விவாதம் தொடரட்டும்.

#17 தூங்குமூஞ்சி (டிசம்பர் 11)

அறிக்கை கொடுக்க வந்திருக்கிறேன். சின்னப் பலகையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பெட்டியைக் கிழித்துவிட்டேன். சாளரம் அக்கா சொன்ன அளவில் வேறொன்று வாங்கினேன். தாங்கி குட்டையாக இருந்ததால் அடியில் இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கியிருக்கிறேன். வாங்கியதற்கு முதல் முறையாகப் பயன்படுகின்றன. நூல் உண்டு, மணிக்குப் பதில் சட்டைப் பொத்தான். காலை 6:45க்கு உட்காருகிறேன்.

முதல் மூன்று நாள் நெற்றிப்பொட்டில் வலி. 20 நிமிடமாகக் குறைத்தேன், பிறகு ஏற்றினேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சரியாகச் சொல்ல முடியவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. இனிப்பு ஆசை அப்படியேதான் இருக்கிறது. தூக்கம் பத்து மணியிலிருந்து எட்டரைக்கு வந்திருக்கிறது. முழுதாகச் சரியாகவில்லை. ஈரச் சாக்கு கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு தவறும் செய்தேன். தேறிவிட்டது என்று நினைத்து ஐந்து நாள் விட்டேன். நான்காம் நாளே பழைய கதை.

#18 எதிர்க்கேள்வி

அதிகாலையில் தினமும் எழுகிறீர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். (மீதிப் பாதிக் கல்.) உங்களுக்குத் தேறியதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

#19 தூங்குமூஞ்சி

சேர்த்துக்கொண்டேன். எழவைப்பதே அந்த விளக்குதான் என்பதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா, எப்போது நிறுத்துவது? அடுத்த ஆண்டு எப்போது தொடங்குவது?

#20 சாளரம்

வழக்கமாக உங்களுக்குத் தானே தெளிகிற காலம் வரை, அதாவது மார்ச் கடைசி வரை போடுங்கள். ஒரேயடியாக நிறுத்தாமல் அரை மணியை 20 நிமிடமாக்கி, பத்தாக்கி விடுங்கள். ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெடாது, மூன்று நாள் தவறினால் உங்களுக்கே தெரியும்.

தொடங்குவதற்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். தூங்கிய மணி, எழுந்த மணி, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, மூன்றே எண்கள். என்னுடையதைப் புரட்டினால் சரிவு ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. நானோ நவம்பர் வரை 'வேலைப் பளு' என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இப்போது செப்டம்பர் கடைசி ஞாயிறு பலகையை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிடுகிறேன். அகராதிகளை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.